கிளம்ப மறுக்கும் கார்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு, கம்பளையைக் கடந்த பின்னரே மெய்யாக மலையேறத் தொடங்குகிறது. மகாவலிக் கரையிலே, பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய இந்நகர் கடல்மட்டத்துக்கு 1,500 அடிக்குச் சற்று மேலே கிடக்கிறது. நுவரெலியாவோ 6,100 அடிக்கும் மேல். இடையில் புசல்லாவை, இறம்பொடை என வளைந்து வளைந்து ஏற்றம். மழை, ஈரம், பனி, செங்குத்தான பாதை ஆகிய நான்கும் கூடிய இந்தப் பிரதேசத்தைப் போல, ஒரு காரின் உள்ளத்தைச் சோதிக்கும் பள்ளிக்கூடம் வேறில்லை எனலாம்.

இங்கே ஓடும் கார்களும் வயதில் இளையனவல்ல. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொரிஸ் மைனர் கார்களை இலங்கைத் தெருக்களில் இன்றும் காணலாம். இதற்குக் காரணம் பழமைப் பற்று மாத்திரம் என்று எண்ணிவிடலாகாது. 1960களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் மீண்டும் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழிவிட்டது. ஆகவே இருக்கும் வண்டியைக் கட்டிக் காப்பதன்றி வேறு போக்கில்லாத குடும்பங்கள் பல. வாடகைக் கார் ஓட்டுபவருக்கோ, காலையில் வண்டி கிளம்பாவிடின் அன்றைய அடுப்புக்கே கேடு.

அவ்வேளையில் பெரும்பாலோர் செய்வது யாது? அயலவர் ஒருவர், "பிளக்கை மாற்றுங்கள்" என்பார். மற்றொருவர், "கொயில் போய்விட்டது" என்பார். ஊகத்தின்மேல் ஊகம் அடுக்கி, நல்ல உறுப்புகளைக் கழற்றி எறிந்து, பணத்தையும் நாளையும் இழப்பர். கைதேர்ந்த கராஜ் பாஸ் அவ்வாறு செய்யார். நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல முதலிலே கேட்பார், பார்ப்பார், முகர்வார்; அதன் பின்னரே திருப்புளியைத் தொடுவார்.

பெற்றோல் இயந்திரத்துக்கு வேண்டுவன சிலவே: அதனைச் சுழற்றும் விசை, அளவோடு காற்றுக் கலந்த பெற்றோல் ஆவி, சிலிண்டரினுள் அதற்கேற்ற அழுத்தம், தக்க கணத்தில் ஒரு தீப்பொறி. எது குறைந்தது என்பதே கேள்வி.

முதலாவது, இயந்திரம் சுழல்கிறதா? சுழலாவிடில் முன்விளக்கை எரியவிட்டு, ஸ்டார்ட்டரை இயக்கிப் பாருங்கள். விளக்கு மங்கி அணையுமாயின் பற்றறி வலுவிழந்தது. அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும். விளக்கு மங்காது நின்றாலோ, குற்றம் ஸ்டார்ட்டரிலோ அதற்குச் செல்லும் இணைப்பிலோ இருக்கும்.

பழைய வண்டிகளில் முன்புறம் கைப்பிடியை நுழைத்துச் சுழற்றும் வசதி உண்டு. மாணவர்கள் இதனை விளையாட்டாகக் கருதலாகாது. கியர் விடுபட்டிருக்க வேண்டும். கைத்தடை இறுகியிருக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். பொறி முந்தி விழுந்தால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைக்கும். பெருவிரலால் சுற்றிப் பிடித்திருந்தவர்களின் கை முறிந்ததுண்டு. 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றபோது உலகம் அதனை வரவேற்றதில் வியப்பென்ன!

இயந்திரம் நன்கு சுழன்றும் பற்றவில்லையாயின், தீப்பொறியை முதலில் சோதிக்க வேண்டும், பெற்றோலைப் பின்னர். வரிசை மாறலாகாது. பெற்றோல் குழாயைக் கழற்றிச் சிந்தவிட்ட பிறகு பொறி தட்டிப் பார்ப்பது, வைக்கோற் போரில் கொள்ளிக்கட்டையை வீசுவதற்கு ஒப்பாகும். பழைய வகை வண்டியில், பிளக் வயரின் நுனியை, இறப்பர் உறையைப் பிடித்தவாறு, இரும்பிலிருந்து கால் அங்குலம் விலக்கிப் பிடித்து மற்றொருவரைச் சுழற்றச் சொல்லலாம். நீல நிறத்தில் சடாரென்று பாய்ந்தால் நன்று. மஞ்சளாய் மெலிந்தால் கண்டென்சரையோ பொயின்ற்றையோ ஐயுறலாம். பொயின்ற் முனைகளின் இடைவெளி பிற்கால மொரிஸ் மைனரில் 14 முதல் 16 வரையான ஆயிரத்திலொரு அங்குலம். தேய்ந்து இடைவெளி குறுகினாலும் பொறி மங்கும். புதிய மின்னணு வண்டிகளில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

கம்பளையின் மழைக்காலக் காலைகளில் பெருங்குற்றவாளி ஈரமே. டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பனித்துளி படர்ந்து, பொறி செல்ல வேண்டிய இடத்தை விட்டு வேறு வழியே ஒழுகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். ஆயினும் மயிரிழைபோற் கருங்கோடு ஒன்று மூடியில் தெரிந்தால் துடைப்பதால் பயனில்லை. அது மின்சாரம் தானே உழுத பாதை. மூடியை மாற்றியே ஆக வேண்டும்.

பொறி நன்றாயிருப்பின் பெற்றோலுக்கு வருவோம். மொரிஸ் மைனரில் மின்சாரப் பம்பு ஒன்று உண்டு. திறப்பைத் திருப்பியவுடன் அது "டிக், டிக்" என்று சில முறை அடித்து, காபரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அறவே அடியாவிட்டால் பம்பின் முனைகள் கருகியிருக்கலாம். ஓயாமல் விரைந்து அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. இவ்வளவையும் செவியே சொல்லிவிடுகிறது! பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மேலும் தெளியும்: நனைந்திருப்பின் பெற்றோல் மிகுதி, உலர்ந்திருப்பின் வரவே இல்லை.

இறம்பொடை ஏற்றத்தில் வெயில் நேரத்தில் நிறுத்திய கார் மீண்டும் கிளம்பாதிருப்பது வேறொரு நோய். இவ்வண்டியின் பெற்றோல் தாங்கி பின்னால். பம்போ முன்னால், இயந்திர அறையின் வெப்பத்தில். குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிவிட, பம்பு வெறும் ஆவியை இழுத்து ஏமாறும். பானட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணி போர்த்தி, ஒரு தேநீர் அருந்தி வரும் நேரம் பொறுத்தால் தீரும். உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிந்து, கலவையில் பெற்றோல் மிஞ்சுவதும் உண்டு. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரக்கணக்காக நின்ற வண்டிகள் நினைவிருக்கும். தேங்கிய பெற்றோலின் மெல்லிய ஆவிகள் பறந்துவிட, எஞ்சியது எளிதில் பற்றாது. அவ்வாறு நெடுநாள் நின்ற வண்டிக்குப் புதுப் பெற்றோலும், ஊக்கமேற்றிய பற்றறியுமே முதல் மருந்து.

மகாவலி பெருகி வண்டியை நனைத்த நாளில் மட்டும் இவ்வரிசை எதுவும் செல்லாது. வெள்ளம் காற்று வடிகட்டி வரை ஏறியிருந்தால், திறப்பைத் தொடவே வேண்டாம். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்க, ஸ்டார்ட்டரை இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து, சிறு செலவில் தீர வேண்டிய வேலை இயந்திரத்தையே விழுங்கிவிடும். பற்றறியின் இணைப்பைக் கழற்றுங்கள். எண்ணெய் அளக்கும் கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது, முழுவதும் வடிக்க வேண்டும். பின்னர் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றச் சொல்லுங்கள். உள்ளே நின்ற நீர் அத்துளைகளின் வழியே பீறிட்டு வெளியேறும்.