முன்னறைத் தொட்டியில் ஒரு குடும்பம்

நம் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்று, தலைவர் பணிமாற்றம் பெற்று வடநாடு செல்ல நேர்ந்தபோது, ஆறு மீன்களை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றது. "ரொம்ப சாதுவான மீனுங்க சாமி. வேளைக்குக் கொஞ்சம் தீனி போட்டாப் போதும்" என்று இல்லத்தலைவி சொல்லிப் போனார். கடையில் வாங்கியபோது அவை ஒன்றரை அங்குலமே இருந்தனவாம். பங்கு இல்லத்தின் முன்னறைக்கு வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றும் விரித்த கையளவு இருந்தது. இரண்டடித் தொட்டிக்குள் திரும்பவும் இடமின்றி நின்றன. வண்ணமீன் கடைகளில் ஆஸ்கர் என்ற பெயரில் விற்கப்படுபவை அவையே. சாது என்னும் சொல் அவற்றுக்கு எவ்வளவு பொருந்தாது என்பதை ஒரு வாரத்திற்குள் அறிந்துகொண்டோம்.

இம்மீன்களை வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க இயலுமா என்று அண்மையில் இரு குடும்பத்தார் நம்மைக் கேட்டனர். இயலும். ஆயினும் அவ்விடையோடு நிறுத்திக்கொண்டால் பாதியை மறைத்தவராவோம். ஆகவே நாம் கற்றதையும், நாம் செய்த தவறொன்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஆஸ்கரின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. நன்கு வளர்ந்தது ஓரடிக்கு மேல் நீளும். வாலின் அடியில் செம்மஞ்சள் வளையமிட்ட கரும்புள்ளி ஒன்று கண்போல் விளங்கும். துடுப்பைக் கடிக்கவரும் பிரானா மீன்களை ஏமாற்றவே அது அமைந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. பெயர் புதிதாயினும் குடும்பம் நமக்குப் புதிதன்று. சந்தையில் வாங்கும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்தார் 2010-ஆம் ஆண்டு தம் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் சிக்லிட்களே. நம் மூத்தோர் இராயப்பர் என வழங்கிய புனித பேதுருவின் பெயரால் கலிலேயக் கடற்கரை உணவகங்களில் இன்றும் பரிமாறப்படும் மீனும் இக்குடும்பத்ததே. முட்டையிட்டபின் விட்டகலாது, முட்டையையும் குஞ்சையும் காத்து நிற்றல் இக்குடும்பத்தின் சிறப்பு. கலிலேய மீன் தன் முட்டைகளை வாயில் வைத்தே காக்கும். தந்தையும் அப்பணியில் பங்கு கொள்ளும்.

மீன்களின் நெருக்கடியைக் கண்டு மனமிரங்கி, 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட புதிய தொட்டி செய்வித்தோம். நிறைந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே கால் டன் எடை என்பதை மறந்து பழைய மர மேசைமீது வைக்கவிருந்த நம்மைக் கோவில் பிள்ளைதான் தடுத்தார். இரும்புச் சட்டம் வந்தது. புதுநீர் நிரப்பி, அன்றே ஆறு மீன்களையும் விட்டோம். பத்து நாள்களுக்குள் இரண்டு மடிந்தன.

காரணத்தைச் சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கும் பெரியவர் ஒருவர் பின்னர் விளக்கினார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சைப் புதியதில் போட்டிருந்தாலே அவை பிழைத்திருக்கும். நாமோ அப்பஞ்சைத் தூய்மை கருதிக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்திருந்தோம்! அன்றியும், ஊராட்சிக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த பீப்பாயில் நிறுத்தியபின்னரே அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அன்றுமுதல் வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி வருகிறோம். நம் நாட்டு வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

ஆஸ்கரில் ஆண், பெண் வேறுபாடு புறத்தோற்றத்தால் அறிய இயலாதது. கடைக்காரர் "ஜோடி" என்று இரண்டைப் பிடித்துத் தந்தால் நம்பவேண்டாம். ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்து, அவையே இணை தேடிக்கொள்ள விடுவதே வழக்கமான முறை. நம்மிடம் எஞ்சிய நான்கில் இரண்டு, ஏறத்தாழ ஒன்றரை வயதில், ஒன்றையொன்று வாயால் கவ்வி இழுக்கவும் வாலால் அடிக்கவும் தொடங்கின. சண்டையென்று எண்ணிப் பிரிக்கப் போனோம். கொளத்தூர்ப் பெரியவர் தொலைபேசியில் நகைத்தார். "அது சண்டை இல்லீங்க ஃபாதர், பெண் பார்க்கிற சடங்கு" என்றார். மற்ற இரண்டும் ஒரு மூலையில் ஒடுங்கித் துடுப்புக் கிழிந்து நின்றன. அவற்றை அவரிடமே அனுப்பிவிட்டோம்.

அவர் சொற்படி, சமையலறை மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கடப்பைக்கல் துண்டொன்றைத் தொட்டியில் கிடத்தினோம். இரண்டும் இரண்டு நாள் அக்கல்லை வாயால் துடைத்தன. மூன்றாம் நாள் மாலை பெண்மீன் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிக்கொண்டே செல்ல, ஆண்மீன் பின்தொடர்ந்தது. ஆயிரத்திற்குக் குறையாது. மறுநாள் திருப்பலி முடிந்து வந்து பார்த்தபோது கல் வெறுமையாயிருந்தது. பெற்றோரே விழுங்கியிருந்தனர். இளம் இணைகள் முதல் ஓரிரு முறை இவ்வாறு செய்வதுண்டு. முன்னறையில் வருவோர் போவோர் நடமாட்டமும் அவற்றை அச்சுறுத்தும். இரண்டாம் முறை தொட்டியின் மூன்று பக்கத்தையும் காகிதத்தால் மறைத்தோம். அம்முறை முட்டைகள் கருவுறாமல் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன.

மூன்றாம் முறை நிறைவேறியது. கருவுற்ற முட்டைகள் ஒரு நாளில் தெளிந்து கண்ணாடிபோலாயின. இருவரும் மாறிமாறித் துடுப்பால் விசிறி நீரோட்டம் உண்டாக்கினர். வெளுத்தவற்றைப் பொறுக்கி அகற்றினர். மூன்றாம் நாள் பொரிந்தவை நீந்த அறியாது, தலையிலுள்ள பசையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடித்தன. தாய் அவற்றை வாயில் அள்ளி, மணலில் தோண்டி வைத்திருந்த குழிக்கு மாற்றியது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலை, மேகம்போல் எழுந்து நீந்தின.

சிக்லிட்களின் இவ்வியல்பைப் பற்றி ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஆப்பிரிக்கச் சிறு சிக்லிட் ஒன்றின் தந்தை, அந்திநேரத்தில் சிதறிய குஞ்சுகளை வாயில் எடுத்துக் குழிக்குக் கொண்டுசெல்லும் வேளையில் அவர் புழு ஒன்றை இட்டார். புழுவை மென்றுகொண்டிருந்த மீன், வழிதவறிய குஞ்சொன்றைக் கண்டு அதையும் வாயில் எடுத்தது. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று குழிக்கு! சற்று நேரம் அசையாமல் நின்று, இரண்டையும் தரையில் உமிழ்ந்தது. குஞ்சின்மீது ஒரு கண் வைத்தவாறே புழுவை உண்டு முடித்து, பின்பு குஞ்சைத் தூக்கிக்கொண்டு குழிக்குச் சென்றது. இதைக் கேட்டு மீன்களைப் புனிதர்களாக்கிவிட வேண்டாம். ஆயிரம் முட்டைகளை ஓரிரவில் விழுங்கியதும் இக்குடும்பத்து மீனே.

குஞ்சுகளுக்கு உணவளிப்பதே பெரும்பாடு. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பிட்ட நீரில், ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர்ப் பூச்சியின் முட்டைகளைக் காற்றூட்டிப் பொரிக்கவைத்து, நாள்தோறும் நாலைந்து வேளை இடவேண்டும். உண்ணும் வாய் பெருகினால் கழிவும் பெருகும். நீர் மாற்றுதலும் நாள்தோறும் ஆயிற்று. பெரியது சிறியதை விழுங்காதிருக்க அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். முன்னறையில் மூன்று தொட்டிகளும், தாழ்வாரத்தில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் சேர்ந்தன. திருமணப் பதிவுக்கு வந்தோர் உட்கார இடமின்றி நின்றனர். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 300 குஞ்சுகள் எஞ்சின.

இவ்விடத்தில்தான் நாம் தவறினோம். பங்குத் திருவிழாவன்று, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் எண்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு குஞ்சுகளை நீர்ப்பையில் இட்டுப் பரிசளித்தோம். பிள்ளைகள் துள்ளினர், நாமும் மகிழ்ந்தோம். அவர்களில் யார் வீட்டில் 250 லிட்டர்த் தொட்டி உண்டு என்று ஒருகணமும் எண்ணவில்லை. ஊறுகாய்ப் புட்டியிலும் பிளாஸ்டிக் வாளியிலும் பல ஒரு வாரத்தில் மடிந்தன. ஆறு மாதம் கழித்து, ஏரியில் வலைவீசும் அன்பர் ஒருவர் வாளியோடு வந்தார். "சாமி, இது உங்க வீட்டு மீனுங்களா?" வாலடியில் அதே செம்மஞ்சள் வளையம். விசாரித்ததில், பிழைத்து வளர்ந்த மீன்களைக் கொல்ல மனமின்றி மூன்று வீட்டார் ஏரியில் விட்டிருந்தனர். இரக்கத்தால் செய்ததே. அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை.

ஏரியில் விட்ட மீனைத் திரும்ப அழைக்க இயலாது. ஆப்பிரிக்காவின் ஜிலேபிக் கெண்டை 1952-இல் உணவுக்கெனவே நம் நாட்டுக்குக் கொணரப்பட்டது. வாயில் குஞ்சு காக்கும் தாயின் அதே திறமையால் அது பெருகிப் பரவி, நாட்டுக் கெண்டைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. வைகை, அமராவதி முதலிய நீர்த்தேக்கங்களில் அதுவே மிகுதியாகப் பிடிபடும் நிலை உண்டாயிற்று. அமெரிக்க நாட்டு ஃபுளோரிடாவின் கால்வாய்களில் ஆஸ்கரும் அவ்வாறே நிலைபெற்றுவிட்டது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தின்பின் கேரளத்து ஆறுகளில் அரபைமா போன்ற அயல்நாட்டுப் பெருமீன்கள் பிடிபட்டதும் வாசகர் நினைவில் இருக்கலாம்.

ஆகவே நம்மைக் கேட்ட அவ்விரு குடும்பத்தாருக்கும் நாம் கூறியது இதுவே: குஞ்சுகளை ஏற்கக் கடைக்காரர் ஒருவர் முன்னமே இசைந்தாலன்றிப் பொரிக்க விடவேண்டாம். முட்டையிட்ட அன்றே கல்லை எடுத்துத் துடைத்துவிடலாம். வளர்ந்த மீனை வைத்துக்கொள்ள இயலாவிடில் கடைக்கே திருப்பித் தரலாம். குளத்திலோ கிணற்றிலோ ஆற்றிலோ விடலாகாது. தொட்டி வாங்குமுன் ஓரடி மீன் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும் என்பதை வீட்டார் அனைவரும் கூடிப் பேசிக்கொள்வது நன்று.

நாமும் வீடுவீடாகச் சென்று, எஞ்சியிருந்த பதினேழு மீன்களைத் திரும்பப் பெற்று, நம்மிடமிருந்த மற்றவற்றுடன் கொளத்தூருக்கு அனுப்பினோம். வலைவீசும் அன்பர் இதுவரை ஏரியிலிருந்து நான்கைக் கொணர்ந்துள்ளார். பிடிபடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ நாட்டுக் கெண்டையின் விலையைத் தருகிறோம். இணைமீன்கள் மட்டும் முன்னறையில் உள்ளன. கடப்பைக்கல்லை வெளியே எடுத்துவிட்டோம். சென்ற வாரம் முதல் அவை தொட்டியின் அடிக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன.