நோன்பும் வயிற்றில் ஏற்றும் ஊசியும்



ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, ரமழானுக்குச் சில நாட்கள் முன்பு கணவரோடு வந்து கேட்ட கேள்வி இது. திருமணமாகி ஒன்பது வருடங்கள். கொழும்பில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை தொடங்கப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் தாமே வயிற்றில் ஏற்றிக்கொள்ள, பேனை போன்றதோர் ஊசியைக் கொடுத்திருந்தார்கள். "வயிற்றுக்குள் மருந்து போனால் நோன்பு முறிந்துவிடுமே ஹஸரத், பகலில் போட வேண்டி வந்தால் அன்றைய ஊசியை விட்டுவிடட்டுமா?"

விடாதீர்கள். வழக்கமாக மாதம் ஒரு கருமுட்டைதான் முதிரும். பல முட்டைகள் ஒன்றாக முதிர்வதற்கே இந்த ஹோர்மோன் ஊசி. இடையில் விட்டால் வளர்ந்தவையும் வீணாகலாம். தவறிப்போனால் மறுநாள் இரண்டு மடங்காக ஏற்றாமல் வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

இச்சிகிச்சையே ஆகுமானதா என்று தயங்குவோருக்கும் ஒரு சொல். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, அந்நியரின் விந்தோ முட்டையோ கருப்பையோ கலக்கும் ஐந்தையும் ஹராம் என்றது. கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் இரண்டைத் தேவைக்கேற்ப அனுமதித்தது.

இனி நோன்புக்கு வருவோம். வயிற்றில் ஆழமான காயம்பட்டு, அதிலிட்ட மருந்து உள்ளே சென்றால் நோன்பு முறியும் என்று நமது ஷாஃபிஈ கிதாபுகளில் உண்டு. அச்சகோதரியின் பயம் அடிப்படையற்றதல்ல. ஆனால் இந்தச் சிறிய ஊசி தோலுக்குக் கீழுள்ள கொழுப்போடு நின்றுவிடுகிறது. குடலிருக்கும் உள்வெளியை அடைவதில்லை. தோலில் குத்திய துளை, திறந்த துவாரமுமல்ல. ஆகவே நோன்பு முறியாது. 1997இல் ஜித்தாவில் அதே அகடமி, ஊட்டச்சத்து ஏற்றுவதைத் தவிர்த்த ஏனைய ஊசிகளுக்கு இவ்வாறே முடிவு செய்தது. பெரும்பாலும் இந்த ஊசி மாலையில் போடப்படுவது. மஃரிபுக்குப் பின் வைத்துக்கொள்ளலாமா என்று வைத்தியரிடமே கேட்டுவிடலாம். மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்குவதே வழக்கம் என்பதால், ஆரம்ப நாட்களில் உங்களுக்கு நோன்பே இல்லை.

பின்னர் கொடுக்கப்படும் மாத்திரைதான் கவனத்துக்குரியது. கருவைப் பையில் வைப்பதையொட்டி, பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து தருவார்கள். அகடமி அதனாலும் முறியாது என்றது. நமது மத்ஹபிலோ முறியும். எனவே இரவிலும் ஸஹர் முடியுமுன்னும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பகலில்தான் வேண்டுமென்றால், நோயாளிக்குள்ள சலுகைப்படி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யலாம். குற்றமில்லை.

ஊசி போடத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் அந்நிய ஆணிடம் வயிற்றைக் காட்ட வேண்டியதில்லை. தாதி ஒருமுறை காட்டித் தந்தால் போதும். தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்து ஏற்றுங்கள். நாளுக்கொரு பக்கம் மாற்றுங்கள். கை நடுங்கினால் கணவர் போடட்டும். (குழந்தையில்லாக் குறை அவரிடமும் இருக்கலாம்; அவரும் பரிசோதித்துக்கொண்டாரா என்று மாமியார்மார் கேட்பதில்லை!)

நுவரெலியாக் குளிரே போதுமென்று மருந்தை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே உறைபனி விழுவதுண்டு. உறைந்த மருந்து பயன்படாது. சில மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் அவசியம், சிலது வெளியிலும் கொஞ்ச நாள் தாங்கும். பெட்டியிலுள்ள குறிப்பைப் பாருங்கள். பாவித்த ஊசியைக் கான்களிலோ தேயிலைச் செடிக்குள்ளோ எறியாமல் கெட்டியான போத்தலில் மூடி, வைத்தியசாலையிலேயே ஒப்படையுங்கள். கொழுந்து பறிப்பவர்களின் காலில் அது ஏறக்கூடாது.

கடைசி ஊசிக்கு மட்டும் நேரம் மிகக் கண்டிப்பானது. அதிலிருந்து 34 முதல் 36 மணித்தியாலத்தில் முட்டை எடுக்கப்படும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஹட்டன் பாதை அடைபடும். முதல்நாளே கொழும்பு போய்விடுங்கள். வயிறு வேகமாக ஊதுதல், மூச்சு வாங்குதல், விடாத வாந்தி, சிறுநீர் குறைதல் கண்டால், நோன்போ இரவோ பாராமல் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.