ஒரு பல்லுக்கு எதற்கு இத்தனை படம்?

கடைவாய்ப் பல்லில் வலி என்று போனவரிடம் பல் டாக்டர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார். "ஓபிஜி எடுத்துட்டு வாங்க." சீட்டை வாங்கியவரின் மனத்தில் இரண்டு சந்தேகங்கள் சேர்ந்து எழுகின்றன. ஒரு பல்லுக்கு எதற்குத் தாடை முழுக்கப் படம்? கதிர் உடம்புக்குக் கெடுதல் இல்லையா? கேட்கத் தயங்கிச் சிலர் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். இவற்றைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்." படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதும், வாயில் ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதங்களை இழந்தவர்கள் உண்டு.

வலிக்கும் இடமும் நோயின் இடமும்

முகத்தின் உணர்ச்சியில் பெரும்பகுதியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று அது மூன்றாகப் பிரிகிறது. கிளைகள் ஒன்றாய்ச் சேரும் இடத்தில் மூளைக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. கீழ்ப்பல் கெட்டிருக்க மேல்பல் வலிப்பதாகத் தோன்றும். ஞானப்பல் கிளப்பும் வலி காதுவலியாக உணரப்படும்.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலேயே கன்னத்தின் காற்றறை இருக்கிறது. சளியால் அந்த அறை வீங்கினால் மேல்பற்கள் வரிசையாக வலிக்கும், குனிந்தால் இன்னும் கூடும். இது தலைகீழாகவும் நடக்கும்: ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்துகொண்டே இருந்தால், அதற்குக் காரணம் சீழ் பிடித்த ஒரு பல்லாக இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைந்தால், அது பல்லே அல்ல, இதய நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் போக வேண்டிய இடம் அவசரப் பிரிவு.

ஆகவே நல்ல டாக்டர் முதலில் கேட்கிறார், தொட்டுப் பார்க்கிறார், பல்லைத் தட்டிப் பார்க்கிறார். படம் அதற்குப் பிறகுதான்.

நிழல் காட்டுவதும் மறைப்பதும்

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் ஒரு கண்ணாடித் தகட்டைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு 25 நிமிடம் கதிரை வாங்கினார். பல்லின் முதல் படம் அப்படித்தான் கிடைத்தது. இன்று ஆர்விஜி என்று பல் கிளினிக்குகளில் சொல்லப்படும் சிறிய உணர்கருவி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அதே வேலையை முடித்துவிடுகிறது.

கருவி மாறினாலும் அடிப்படை மாறவில்லை. எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எனாமலும் எலும்பும் கதிரைத் தடுப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. சத்து கரைந்த சொத்தையும் எலும்பை அரித்த சீழும் கறுப்பாக விழுகின்றன. இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் தொடங்கும் சொத்தை கண்ணாடிக்கும் ஊசிக்கும் எட்டாது. பற்களை லேசாகக் கடிக்கச் சொல்லி எடுக்கும் சிறிய படத்தில் அது தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கறுப்பு விழ, அந்த இடத்தின் சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் போயிருக்க வேண்டும். வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்புக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். நேற்று இரவு தொடங்கிய வலிக்கு இன்று காலை எடுத்த படம் சுத்தமாக இருப்பதில் வியப்பில்லை. நோய் படத்தில் தெரியும் அளவுக்கு இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

நிழலுக்கு ஆழமும் கிடையாது. வேருக்கு முன்னால் இருக்கும் குழியும் பின்னால் இருக்கும் குழியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். டாக்டர் கதிர்க்குழாயைச் சற்று நகர்த்தி அதே பல்லை இரண்டாம் முறை படமெடுக்கிறார் என்றால், முதல் படம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரு கோணங்களில் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து அவர் ஆழத்தைக் கணக்கிடுகிறார்.

தோட்டைக் கழற்றச் சொல்வது ஏன்?

இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் ஓபிஜி, ஹெல்சின்கியில் பேராசிரியராக இருந்த ஊர்யோ பாட்டெரோவின் உழைப்பு. 1950களில் அவர் உருவாக்கிய முறையில், கதிர்க்குழாய் தலையின் ஒரு புறமும் பதிவுத்தகடு எதிர்ப்புறமுமாகச் சேர்ந்து சுழல்கின்றன. தாடையின் வளைவு மட்டும் தெளிவாக விழுகிறது, மற்றவை மங்குகின்றன.

தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். இடக்காதுத் தோட்டின் நிழல் இடப்பக்கம் விழுவதோடு நிற்பதில்லை. வலப்பக்கத்தில், சற்று மேலே, பெரிதாக, மங்கலாக அதன் ஆவி ஒன்றும் பதிகிறது. தாடை எலும்பில் ஏதோ கட்டி இருப்பதாக அது ஏமாற்றலாம். கழற்ற வராத மூக்குத்தி என்றால் படமெடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தாடை முழுக்க எதற்கு என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. தாடை எலும்புக்குள் வளரும் சில நோய்கள் வலிப்பதே இல்லை. அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டி, பல்லை உருவாக்கும் திசுவின் மிச்சத்திலிருந்து பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில் கிளம்புகிறது. பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, சோப்பு நுரைக் குமிழிகளைச் சேர்த்து வைத்ததுபோல் படத்தில் தெரியும். சுரண்டி எடுத்தால் மறுபடி வரும் குணம் கொண்டது. அதன் எல்லையைத் துல்லியமாகப் பார்க்காமல் அறுவை சிகிச்சையில் இறங்கக் கூடாது.

கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டியின் தந்திரம் வேறு. கன்னத்தை வெளியே வீங்கவிடாமல் எலும்பின் உள்ளே நீளவாக்கில் பரவும். இளவயதினர் ஒருவருக்குத் தாடையில் இத்தகைய கட்டிகள் பல இருந்தால், டாக்டரின் சந்தேகம் பல்லைத் தாண்டிப் போகும். தோலில் புற்றுநோய் வர வாய்ப்புள்ள கார்லின் கோல்ட்ஸ் என்ற மரபு நோயின் முதல் தடயம், பல்லுக்காக எடுத்த படத்திலேயே கிடைத்துவிடுவதுண்டு.

ஞானப்பல்லை எடுக்கும்முன் ஓபிஜி கேட்பது, வேருக்கும் கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கத்தான். நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு வேரருகே அறுந்தாலோ, வேர் அங்கே கறுத்தாலோ, இரண்டும் உரசுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நரம்பு காயப்பட்டால் கீழுதடு மரத்துப்போகும். இந்தச் சந்தேகம் எழும்போதுதான் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி தேவைப்படுகிறது. 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான இந்த ஸ்கேன், கூம்பு வடிவக் கதிரால் பல்லையும் எலும்பையும் நுணுக்கமாகப் படமெடுக்கும். மென்மையான சதையைப் பிரித்துக் காட்டுவதில் அதற்குத் திறமை குறைவு.

கேள்விக்கு ஏற்ற கருவி

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கி வலிக்கிறது, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. இது உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்ததற்கான அறிகுறி. உமிழ்நீர்க் கற்களில் சுமார் 80 சதவீதம் தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில்தான் உண்டாகின்றன. எல்லாக் கல்லும் எக்ஸ்ரேயில் தெரியாது. கதிரே இல்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதலில் போதும்.

வாயைத் திறந்தால் காதருகே 'டக்' என்று சத்தம், சில நேரம் தாடை பூட்டிக்கொள்கிறது என்றால், மூட்டுக்குள் இருக்கும் சவ்வுத் தட்டு இடம் மாறியிருக்கலாம். அதை எம்ஆர்ஐ தவிர வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு அந்த ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை.

நோயாளியை அதிகம் அலைக்கழிப்பது முக்கிளை நரம்பு வலி. முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, காற்றுப்பட்டால்கூட மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் வெட்டி இழுக்கும். பல்வலி என்று நினைத்து ஒரு பல்லைப் பிடுங்குவார்கள். வலி நிற்காது, அடுத்த பல்லும் போகும். எக்ஸ்ரேயில் பற்கள் நன்றாக இருக்கின்றன என்றால் அங்கேயே நிறுத்தி, மூளையின் எம்ஆர்ஐ பக்கம் போயிருக்க வேண்டும். மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவது பல நேரங்களில் அதில் தெரியும். மாத்திரையில் கட்டுப்படக்கூடிய நோய்க்காக நல்ல பற்களை இழப்பது கொடுமை.

2021இன் பாடம்

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், கறுப்புப் பூஞ்சை என்ற பெயர் இந்தியா முழுக்கப் பரவியது. தமிழ்நாடு அதே மாதம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தியிருந்தன. மியூகோர் பூஞ்சை மூக்கு வழியாக நுழைந்து ரத்தக்குழாய்களை அடைத்து, திசுக்களைச் சாகடித்தது.

பலருக்கு நோய் வாயில் வெளிப்பட்டது. கொரோனாவிலிருந்து தேறி வீடு திரும்பியவருக்கு மேல்வரிசைப் பற்கள் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கும், மேலண்ணத்தில் நிறம் மாறும், கன்னம் மரத்துப்போகும். ஆடும் பல் ஈறு நோய் போலத்தான் தோன்றும். ஆனால் ஒரே பக்கத்தில் நான்கைந்து பற்கள் திடீரென்று ஒன்றாக ஆடுவது ஈறு நோயின் வழக்கம் அல்ல. சிடி ஸ்கேன் மேல்தாடை எலும்பு எதுவரை அரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டியது. மருந்து செலுத்தி எடுத்த எம்ஆர்ஐ இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது: உயிருள்ள திசு மருந்தை ஏற்று ஒளிரும், ரத்த ஓட்டம் நின்ற திசு கறுப்பாகவே கிடக்கும். எதுவரை வெட்டி எடுக்க வேண்டும், கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பதை அறுவை மருத்துவர்கள் தீர்மானிக்க அந்தக் கறுப்பு வழிகாட்டியது. சர்க்கரை நோய் இருக்கும்வரை இந்தப் பூஞ்சையும் இருக்கும். ஆடும் பல்லோடு வருபவரிடம் சர்க்கரை அளவைக் கேட்பது இன்றும் அவசியம்.

எக்ஸ்ரே பேசாத இடம்

இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. புகையிலை பற்றி எல்லோருக்கும் தெரியும். வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்வது அவ்வளவாகப் பரவவில்லை.

நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ தொடங்கும் புற்றுநோய் எலும்பைத் தொடாதவரை எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. அது சதையின் நோய். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த திட்டு, நாளுக்கு நாள் குறுகும் வாய்த் திறப்பு, இவற்றில் எது இருந்தாலும் தேவை டாக்டரின் கண்ணும் விரலும், பிறகு சிறு துணுக்குச் சதையெடுத்துச் செய்யும் பயாப்சியும்தான். சுத்தமான ஓபிஜியைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியடைவது இங்கே உயிருக்கே ஆபத்து.

பயாப்சியில் உறுதியான பிறகு ஸ்கேனுக்கு வேலை வருகிறது. நாக்கில் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ அளக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் 10 மில்லிமீட்டருக்கும் இடையே நோயின் கட்டமே மாறிவிடும். கன்னத்துக் கட்டிக்குச் சிடி எடுக்கும்போது, பலூன் ஊதுவதுபோல் கன்னத்தை உப்ப வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒட்டிக்கிடக்கும் கன்னமும் ஈறும் காற்றால் விலகி, கட்டி எதைச் சேர்ந்தது என்று தெளிவாகிவிடும். செலவில்லாத உத்தி, அறுவை சிகிச்சையின் திட்டத்தையே மாற்றவல்லது.

கதிர் எவ்வளவு?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பல் எக்ஸ்ரேயை முதலில் கையாண்டவர்களில் ஒருவர் எட்மண்ட் கெல்ஸ். பல ஆண்டுகள் கதிரில் தன் கையையே காட்டிக் கருவியைச் சரிபார்த்தார். விரல்கள் போயின, பிறகு கையும் போனது. வேதனையில் 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்றைய கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இவரைப் போன்றவர்களின் காயங்கள் இருக்கின்றன.

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர் சேர்கிறது. ஒரு பல்லின் டிஜிட்டல் எக்ஸ்ரே அதில் ஏறக்குறைய ஒரு நாள் அளவு, ஓபிஜி சில நாட்கள் அளவு. தலைக்கு எடுக்கும் சிடி பல மாத அளவைத் தொடும். சிபிசிடியின் அளவு கருவிக்கும் படமெடுக்கும் பரப்புக்கும் ஏற்ப மிகவும் மாறுபடுவதால், ஒரு பல்லுக்குத் தாடை முழுவதையும் அதில் எடுக்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. குழந்தைகளுக்குக் கட்டாயம் கேட்க வேண்டும், வளரும் திசுக்கள் கதிரால் எளிதில் பாதிக்கப்படும். கர்ப்பிணிகள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சீழ் பிடித்து முகம் வீங்கியிருக்கும்போது ஒரு பல் படத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இந்த வகைக் கதிரே கிடையாது.

பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள முன்கடைவாய்ப் பற்களின் வேர் நுனியருகே பலருக்கும் படத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். பார்த்தால் சீழ்க்கட்டி போலவே இருக்கும். உண்மையில் அது உதட்டுக்கும் மோவாய்க்கும் நரம்பு வெளியேறும் இயல்பான துளை. பல் உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச்சியால் சோதித்தால் சந்தேகம் தீரும். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த படமும் வீட்டு அலமாரியில் இருந்து, அதிலும் அந்த வட்டம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால், அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை தேவையில்லை.