மிதிக்கு ஒரு குதி

ஆரணியில் தறி போட்ட வீட்டில் பாதி இடம் தறிக்குப் போய்விடும். மீதியில்தான் அடுப்பு, பாய், சாமி படம், பிள்ளைகள் எல்லாம். என் பேரனுக்கு 3 வயது. மகன் தறிக்குழியில் இறங்கி நெய்கிறான், மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரையை உடலோடு இணைக்கும் கோர்வை போடுகிறாள், நான் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறேன். மூவருக்கும் கை ஒழியாது. பையன் ஓடி வந்து தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைப் பிடித்து இழுத்துவிட்டால் அறுந்த இழைகளைப் பிணைக்கவே அரைநாள் போகும். அதனால்தான் எங்கள் தெருவில் பிள்ளைகள் கையில் செல்போன் ஏறிவிட்டது. போன் இருந்தால் பிள்ளை அசையாது. நெசவுக்கு அது வசதி, பிள்ளைக்கு இல்லை.

நான் 8 வயதில் கோர்வைக்கு உட்கார்ந்தவள். ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் அப்போது அது சர்வசாதாரணம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு சிறப்புப் பள்ளிகள் வந்தன, மெள்ள மெள்ளப் பிள்ளைகள் தறியை விட்டு எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள். அப்படி எழுப்பிவிட்ட பிள்ளையைச் சுவரோரம் போனோடு மறுபடி உட்காரவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னது. 1 வயது நிறைந்த பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது அசைந்து திரிய வேண்டும். 3, 4 வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தவழாத கைக்குழந்தையை, விழித்திருக்கும்போது, ஒரு நாளில் விட்டுவிட்டுச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறப் போட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் மருமகள், “மூணு மணி நேரமா? அதுக்கு நான் எங்க போவேன் அத்தை?” என்றாள். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சேர்ந்தால் போதும். ஓடும்போதும் குதிக்கும்போதும் தசை எலும்பை இழுக்கிறது. அந்த இழுப்பில் எலும்பு உறுதிப்படுகிறது. நன்றாக ஆடிய பிள்ளை ராத்திரி தூக்கத்துக்கு அடம் பிடிப்பதும் குறைவு.

எங்கள் வீட்டில் தறியை நிறுத்தாமலே இதைச் செய்கிறோம். தறி மிதிக்கு ஒரு குதி என்று பேச்சு. மகன் வேகமாக மிதித்தால் பையன் தவளை மாதிரி தாவுவான். தறி நின்றால் அவனும் அசையாமல் நிற்க வேண்டும். மகன் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி ஏமாற்றுவான். “நைனா, கள்ளாட்டம்!” என்று வீடே அதிரும்.

காலையில் கோலம் போட்டதும் பக்கத்திலேயே நெளிநெளியாக ஒரு கோடு இழுத்துவிடுவேன். பாதம் விலகாமல் அதன்மேல் நடக்க வேண்டும். நிதானம் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. திண்ணை கல், தெரு மண் என்று வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கல்லா மண்ணா. விடியற்காலையில் தெருவில் பாவு இழுத்துக் கட்டும்போது வண்டி வராது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓரமாகவே ஓட்டம். பாவுக்கு அடியில் நுழையக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

காலித் தார்க்குச்சிகளைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து தரவும் சொல்வேன். குனிகிறான், நிமிர்கிறான், ஓடுகிறான். பிள்ளையை வேலை வாங்குகிறாயே ஆயா என்று கேட்பீர்கள். நாலு குச்சியில் அலுத்துவிட்டால் அவன் பாட்டுக்குப் போய்விடுவான், யாரும் கூப்பிடமாட்டோம். எனக்கு அந்தச் சலுகை இருந்ததில்லை.

மழைக்காலம்தான் கஷ்டம். குழியில் நீர் ஊறி வேலையும் நிற்கும், பிள்ளைக்கு வெளியே போகவும் வழியில்லை. தலையணைகளை அடுக்கி மலை என்று ஏறவிடுகிறோம். அமாவாசைக்கு எங்கள் தறி ஓடாது. அன்றைக்குச் சாயங்காலம் ஊர்க் கோட்டை மைதானத்தில் ஓட்டம்.

பிள்ளை ஓடித் திரியும் வீட்டில், ஆள் இல்லாத நேரத்தில் தறிக்குழியைப் பலகை போட்டு மூடுங்கள். தறி நாடாவின் முனை கூர்மையானது, எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் அண்டாவுக்கும் மூடி வேண்டும். பிள்ளை 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால், போகப் போகச் சரியாகும் என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு அரசின் நடமாடும் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பார்க்க வரும். அது வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.