செம்புக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு ராடு

பாகலூர், பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பறிக்கிற ரோஜா நேரே குளிர் அறைக்குப் போகிறது. 2 முதல் 4 டிகிரி குளிர் அங்கே நின்றால்தான் பூ தூரப் பயணம் தாங்கும். காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் அந்த அறை குளிராமல் போனால் தோட்டக்காரருக்குத் தூக்கம் போச்சு. கம்ப்ரசரில் கோளாறு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதன் எஃகுக் குழாயும் செம்புக் குழாயும் சேருமிடத்தில் கேஸ் கசிந்தாலே போதும். அந்த ஒரு இணைப்பை இன்று நாம் நிதானமாகப் பார்ப்போம்.

வெல்டிங் என்றதும் இரண்டு உலோகமும் உருகிக் கலக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எஃகோடு எஃகு என்றால் சரிதான். ஆனால் செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும். எஃகுக்கு ஏறத்தாழ 1500 வேண்டும். எஃகு இளகும்வரை காத்திருந்தால் செம்புக் குழாய் ஒழுகித் தரைக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, உருகிய செம்பு சூடான எஃகின் நுண்மணிகளுக்கு இடையே புகுந்து விரிசல் விடவைக்கும். உருக்கிச் சேர்க்கும் வேலையும் உண்டுதான்: எர்த்திங் ராடோடு செப்புக் கம்பியை இணைக்க, அச்சுக்குள் செப்பு ஆக்சைடையும் அலுமினியப் பொடியையும் கொளுத்தி, உருகிய செம்பையே பாய்ச்சுகிறார்கள். மெல்லிய குழாய்க்கு அது ஆகாது.

குழாய்க்குச் செய்வது பிரேசிங். இதில் செம்பும் உருகாது, எஃகும் உருகாது. நடுவில் கொடுக்கிற ராடு மட்டும் உருகும். ஒரு குழாய்க்குள் இன்னொன்றைச் செருகும்போது சுற்றிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடுக்கு இருக்கும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய ராடு அந்த இடுக்குக்குள் தானே இழுபட்டுப் போகும், மேல்நோக்கியும் ஏறும். வெளியே தடிப்பாக மேடு கட்டினால் கெட்டி என்று தோன்றும். பலம் முழுக்க உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

எந்த ராடு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செம்போடு செம்பைச் சேர்க்க மெக்கானிக் பையில் எப்போதும் கிடப்பது பாஸ்பரஸ் கலந்த செப்பு ராடு. விலை குறைவு, உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் ஃப்ளக்ஸ் பசையும் வேண்டாம். அதை எஃகில் வைத்தாலும் பிடித்துக்கொண்ட மாதிரியே இருக்கும். ஆனால் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் படலமாகிவிடும். கம்ப்ரசர் அதிர அதிர அது விட்டுப்போகும். சில கம்ப்ரசர்களில் எஃகுக் குழாய்க்கே செம்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கண்ணை நம்பாமல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒட்டினால் எஃகு, வெள்ளி கலந்த ராடும் ஃப்ளக்ஸும்தான் வழி. வெள்ளி விற்கிற விலைக்குக் கை தயங்கும், ஆனால் ஒரு இணைப்புக்கு வேண்டியது சின்னத் துண்டு.

இனி டார்ச். செம்பு சூட்டை எஃகைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்திவிடுவதால் அதற்குத்தான் தீ அதிகம் காட்ட வேண்டும். எஃகில் சூடு ஒரே இடத்தில் தேங்கும், அங்கே அளவாக. வெள்ளைப் பசையாகத் தடவிய ஃப்ளக்ஸ் முதலில் கொப்பளிக்கும். 600 டிகிரியை நெருங்கும்போது தண்ணீராகத் தெளியும். அப்போது ராடைத் தொட வேண்டும். ராடைத் தீயில் பிடித்து உருக்கிச் சொட்டவிடுவது தவறு. குழாயின் சூட்டில்தான் அது உருக வேண்டும். குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டால் உள்ளே கறுப்பு ஆக்சைடு படியாது.

ஆறியதும் ஃப்ளக்ஸை வெந்நீரில் கழுவ வேண்டும். விட்டால் அது உலோகத்தை அரிக்கும். ஊசித்துளை இருந்தால் அதை அடைத்துக்கொண்டு சோதனையிலும் ஏமாற்றும். கழுவிய பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கேஸ் ஏற்றலாம்.