தூங்குமூஞ்சிக் கிளைக்குள் சர்க்கரை

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கின் அருகே தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வப்போது ஊழியர்கள் வந்து கிளைகளை வெட்டி, இயந்திரத்தில் போட்டுத் துகளாக்கி லாரியில் ஏற்றிச் செல்வார்கள். பல்கலைக்கழக இறுதியாண்டில் அந்தத் துகளில் ஒரு பை கேட்டு வாங்கி வந்தேன். "படிக்கிற பிள்ளை குப்பையைத் தூக்கிட்டு வர்றியே, எதுக்குய்யா?" என்றார் பாட்டி. "இதிலேர்ந்து சர்க்கரை எடுக்கப் போறேன் பாட்டி" என்றேன். அவர் என் அப்பாவைப் பார்த்தார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு செல்லுலோஸ். அது குளுக்கோஸ் மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த சரம். சோற்றிலுள்ள மாவுச்சத்தும் அதே மணிகளால் ஆனதுதான். கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தின் சரம் சுருண்டு தளர்வாகக் கிடப்பதால் நம் எச்சிலில் உள்ள நொதியே அதை வெட்டிவிடும். வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். முளைகட்டிய கேழ்வரகின் கஞ்சி இளகி இனிப்பதும் முளையில் ஊறும் நொதியின் வேலை. செல்லுலோஸ் சரங்களோ நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுக ஒட்டி நாராகிவிடுகின்றன. அந்நார்களை ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறொரு சர்க்கரைச் சரம் பின்னிக்கொள்ள, இடுக்குகளில் லிக்னின் சிமெண்டைப் போல இறுகுகிறது. மரம் மழையிலும் காற்றிலும் நிற்க வேண்டுமே! நமக்குச் சர்க்கரை தரவா அது வளர்ந்தது?

மாடு வைக்கோலைத் தின்று வாழ்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டாரத்தை ஒட்டிய டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா இருக்குமிடத்தில் 1930களில் உண்மையாகவே மாட்டுப் பண்ணை இருந்தது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் உடற்சூட்டிலேயே செல்லுலோசைப் பிரிக்கும். ஆனால் கிடைக்கும் சர்க்கரையை அவையே தின்றுவிடும். ஆகவே உயிரை விட்டுவிட்டு நொதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதைத் தரும் காளானின் கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. காரணம் தேடியவர்களிடம் சிக்கிய பூஞ்சைதான் பின்னாளில் எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி ஆனது. பருத்தி கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ் அல்லவா? கூடாரத்தை அழித்த அதே பூஞ்சையை இன்று நொதிக்காக வளர்க்கிறார்கள்.

ஆனால் பச்சையான மரத்துகளில் நொதியை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நொதி உருவில் பெரியது. லிக்னின் சுவருக்குள் நுழைய முடியாது. முதலில் வெப்பத்தால் சுவரை உடைக்க வேண்டும். வீட்டு பிரஷர் குக்கர் எட்டும் சூடு 120 டிகிரி அளவு. இதற்கு 160 முதல் 210 டிகிரி வரை வேண்டும். நான் ஒரு பங்கு துகளுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, மூடிய கலத்தில் 180 டிகிரிக்குச் சூடேற்றினேன். முதல் முறை நேரம் போனதே தெரியாமல் விட்டுவிட்டேன். பாகு முற்றினால் கசந்துவிடுமே, அந்தக் கதைதான். ஹெமிசெல்லுலோசின் சர்க்கரை ஃபர்ஃபுராலாக மாறிவிட்டது. பழுப்பு நீரில் போட்ட ஈஸ்ட் ஒரு குமிழிகூட விடவில்லை. அடுத்த முறை நேரம் பார்த்து இறக்கி, 50 டிகிரியில் மூன்று நாள் நொதியோடு வைத்தேன். குளுக்கோஸ் வந்தது! ஆய்வேட்டின் தலைப்பில் 'எரிபொருள்' என்றும் எழுதிவிட்டேன்.

என் மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சூடாக்க எவ்வளவு செலவானது?"

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ மரத்தில் 400 கிராம் செல்லுலோஸ். ஒன்றும் வீணாகாவிட்டால் சுமார் 440 கிராம் குளுக்கோஸ். அதைப் புளிக்கவைத்தால் அதிகபட்சம் 225 கிராம் ஆல்கஹால். எரித்தால் ஏறத்தாழ 6 மெகாஜூல். அந்த ஒரு கிலோவையும் ஒன்பது கிலோ நீரையும் 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு ஏற்ற ஆகும் வெப்பமும் ஏறத்தாழ 6 மெகாஜூல்! காய்ந்த மரத்தை அப்படியே அடுப்பில் வைத்தாலோ சுமார் 18 மெகாஜூல் கிடைக்கும். திருடன் மரமல்ல, நான் ஊற்றிய தண்ணீர். மறுநாள் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

ஆலைகள் இதை அறியாதவை அல்ல. துகளை நீரில் மிதக்கவிடாமல் நேரடியாக நீராவியைச் செலுத்தி, சில நிமிடங்களில் அழுத்தத்தைச் சட்டென்று விடுவிக்கிறார்கள். நார் பொரிபோல் பிரிகிறது. எஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்து அந்த நீராவியைப் பெறலாம். அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்தினால் வடஇந்தியா மூச்சுத் திணறுகிறது. அதனால் கணக்கில் எரிபொருளோடு காற்றும் சேர்கிறது.

சிங்கப்பூரிலும் முயன்றிருக்கிறார்கள். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வாளர்கள் நம் தோட்டக் கழிவிலேயே இந்தப் பூஞ்சையை வளர்த்து நொதி எடுத்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். விலைக்கு வாங்கும் நொதியின் செலவைக் குறைக்க அது நல்ல வழி. ஆனாலும் 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்கள், மரக்கழிவை எரித்துக் குளிரூட்டும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தன. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் வேறுவேறு மரமாக வரும் கிளைகளுக்கு அதுவே சரி என்பது என் கருத்து. இதைச் சொன்னால் என்னோடு படித்த சிலர் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள். எரிபொருளை விடுங்கள், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாக அந்தச் சர்க்கரையை விற்றால் கணக்கு மாறும் என்கிறார்கள். அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.