மறுப்புக்கும் இடம் வேண்டும்

ரயில் நிலையப் புகார்ப் புத்தகத்தில் தாள்களுக்கு வரிசை எண் உண்டு. கிழித்தால் எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். நம் சங்க மலருக்கு வரும் கடிதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எல்.ஐ.சி.யை விமர்சித்து மனுபாய் ஷா ஆய்வு எழுதினார். நிறுவனத்தைச் சேர்ந்தவர் 'தி இந்து'வில் பதிலளித்தார். ஷாவின் மறுப்பும் அதில் வெளிவந்தது. ஆனால் எல்.ஐ.சி.யின் 'யோகக்ஷேமா' இதழோ தங்கள் பதிலை மட்டும் அச்சிட்டு, இது உள் இதழ் என்று மறுப்பைத் தள்ளியது. பொதுப்பணத்தில் நடக்கும் இதழ் மறுப்பையும் வெளியிட வேண்டும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் அரசு நிறுவனம் அல்லோம். ஆனால் மலர் நடப்பது உறுப்பினர் சந்தாவில். ஆகவே பெயரும் முகவரியும் கேட்போம், வசைச்சொல்லை நீக்குவோம். சங்கக் கணக்கைக் கேள்வி கேட்கும் கடிதத்தை மட்டும் மறைக்க வேண்டாம். பக்கத்திலேயே பதிலையும் போடுவோம்.